பிரிபுனலில் அடுக்கு பிரியாதபோது: வெப்ப ஊர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கரிம வேதியியல் செய்முறைப் புத்தகங்களில் ‘அறை வெப்பநிலை’ என்று போட்டிருந்தால் அது 20 டிகிரி, மிஞ்சினால் 25. மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் மாதிரி தோட்டம் சூழ்ந்த ஊரில், குளிர்சாதனம் பாதி நேரம் ஓடாத ஆய்வுக்கூடத்தில், மதிய வகுப்பு என்றால் வெப்பமானி 32-ஐத் தாண்டும் நாள்கள் உண்டு. பிரிபுனல் (ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்களை அடுக்காகப் பிரித்தெடுக்க உதவும், கீழே திருகுள்ள கண்ணாடிப் புனல்) வேலையில் வரும் கோளாறுகளில் பலவற்றுக்கு இந்த வித்தியாசமே காரணம். ஆனால் மாணவர்கள் தங்கள் கை சரியில்லை என்று நொந்துகொள்கிறார்கள். கை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. புத்தகத்தில் உள்ள குறிப்பை நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்ப மாற்றத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

எஸ்டிபிஎம் (மலேசியாவின் பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) முடித்து டிப்ளோமாவிலோ பட்டப்படிப்பின் முதல் ஆண்டுகளிலோ இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பிரிபுனலைப் பிடிக்கத் தெரியும், ஆனால் அது சொன்ன பேச்சைக் கேட்கமாட்டேன் என்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது உதவும்.

குலுக்குவதற்கு முன்

முதலில் வெப்பத்தைப் பாருங்கள். டைஎத்தில் ஈத்தரின் கொதிநிலை 34.6 டிகிரி. அறை 32 டிகிரியில் இருந்தால் அது கொதிக்க 3 டிகிரிகூட மீதமில்லை. உள்ளங்கைச் சூடே போதும். டைகுளோரோமீத்தேன், நம் வழக்கில் டிசிஎம், 40 டிகிரிக்குச் சற்றுக் கீழே கொதிக்கிறது. அதனால் இங்கே ஒரு கூடுதல் படி கட்டாயம்: நீர்க் கரைசலையும் கரைப்பானையும் தனித்தனியாகப் பனிக்கட்டித் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு பிரிபுனலில் ஊற்றுங்கள். தேயிலையிலிருந்து காஃபீன் எடுக்கும் பயிற்சியில் இது இன்னும் முக்கியம். கொதிக்கவைத்த தேயிலைச் சாற்றை 20 டிகிரிக்கு இறக்கிய பிறகே டிசிஎம் சேர்க்க வேண்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் எவ்வளவு நேரம் வைத்தாலும் அது 20-க்கு இறங்காது. பனிக்கட்டி வேண்டும், வெப்பமானியை உள்ளே விட்டுப் பார்க்கவும் வேண்டும். தொட்டுப் பார்த்து ‘ஆறிடுச்சு’ என்று முடிவு செய்வது போதாது.

அடுத்து, குழாய்த் திருகு மூடியிருக்கிறதா என்று பார்த்து, கீழே ஒரு பீக்கரை வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். முதலில் 10 மில்லி சுத்தத் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று சோதிப்பது நல்லது. புனலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். இடம் இல்லாமல் குலுக்கினால் இரண்டு திரவமும் சரியாகக் கலக்காது, அழுத்தத்துக்கும் இடம் இருக்காது.

சோடியம் பைகார்பனேட்டால் அமிலத்தைக் கழுவும்போது வரும் வாயுவைக் குறைவாக எடைபோடுகிறோம். 1 கிராம் பைகார்பனேட் முழுவதும் வினைபுரிந்தால் ஏறக்குறைய 300 மில்லி கார்பன் டைஆக்சைடு வரும். 250 மில்லி புனலுக்குள் அதை அடைத்து வைக்கப் பார்த்தால் அடைப்பான் பறக்கும். ஆகவே முதலில் வாயகன்ற குடுவையில் இரண்டையும் சேர்த்துச் சுழற்றி, நுரைப்பது நின்றபின் புனலுக்கு மாற்றுங்கள். புனலிலும் முதல் தடவை அடைப்பான் இல்லாமல் சுழற்றுங்கள். பிறகு அடைப்பானைப் போட்டு, தலைகீழாக்கி, குலுக்காமலேயே திருகைத் திறந்து வாயுவை விடுங்கள். புனலின் மூக்கு யார் முகத்தையும் பார்க்காமல் ஃபியூம் ஹூட்டின் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் கூண்டு) உட்பக்கம் பார்க்கட்டும். ‘உஸ்’ என்ற சத்தம் அடங்கும்வரை இரண்டு குலுக்குக்கு ஒரு தடவை திறந்துவிடுங்கள்.

கையுறையை நம்பி டிசிஎம்மில் அலட்சியமாக இருக்க வேண்டாம். நாம் வழக்கமாகப் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறையை அது சில நிமிடங்களுக்குள், சில சமயம் அதற்கும் முன்பே, ஊடுருவிவிடும். மேலே சிந்தினால் உடனே கழற்றி வேறு மாற்றுங்கள்.

எது மேலே, எது கீழே

“சார், கீழ இருக்கறதுதானே தண்ணி? கொட்டிடவா?”

“கொட்டாதப்பா. லேபிள் ஒட்டி வை.”

இந்த உரையாடல் ஒவ்வொரு பருவத்திலும் நடக்கும். போன வாரம் எத்தில் அசிட்டேட்டில் வேலை செய்தவன் இந்த வாரம் டிசிஎம்முக்கு மாறியிருப்பான். எத்தில் அசிட்டேட்டின் அடர்த்தி மில்லிக்கு 0.90 கிராம், ஈத்தர் 0.71, ஹெக்சேன் 0.66, டொலுவீன் 0.87. இவை தண்ணீருக்கு மேலே மிதக்கும். டிசிஎம் 1.33, குளோரோஃபார்ம் 1.49. இவை கீழே போகும். இதை மனப்பாடம் செய்துவிட்டால் போதுமென்று நினைக்கத் தோன்றும். போதாது.

தண்ணீர் என்று நாம் சொல்வது எப்போதும் வெறும் தண்ணீர் அல்ல. தெவிட்டிய உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2. தெவிட்டிய பொட்டாசியம் கார்பனேட் கரைசல் 1.5-ஐத் தாண்டும். அதோடு டிசிஎம்மைச் சேர்த்தால் டிசிஎம் மேலே மிதக்கும். டிசிஎம்மோடு ஹெக்சேனோ எத்தில் அசிட்டேட்டோ கலந்திருந்தால் கலவையின் அடர்த்தி 1-ஐ நெருங்கி, எது எங்கே என்றே தெரியாமல் போகலாம். அதனால் அட்டவணையைப் பார்த்து ஊகித்தாலும் ஒரு சொட்டுச் சோதனை செய்துவிடுங்கள். சிறு சோதனைக் குழாயில் 1 மில்லி தண்ணீர் எடுத்து, சந்தேகப்படும் அடுக்கிலிருந்து சில சொட்டுகள் விடுங்கள். ஒன்றாகக் கரைந்துபோனால் அது நீர் அடுக்கு. சொட்டு தனியாக உருண்டு நின்றால் கரிம அடுக்கு. அரை நிமிட வேலை.

விளைபொருள் கையில் வந்து, எடை போட்டு, உருகுநிலையும் பார்த்து முடிக்கும்வரை எந்த அடுக்கையும் கொட்டக் கூடாது. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விதியை மட்டும் பின்பற்றுவீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். மற்ற எல்லாத் தவற்றுக்கும் மாற்று உண்டு. சிங்க்கில் போன அடுக்குக்கு மாற்று இல்லை. லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். மார்க்கர் மையைக் கரைப்பான் துடைத்துவிடும்.

இரண்டு அடுக்கும் கருப்பாக இருந்து எல்லைக் கோடு தெரியவில்லையா? கைப்பேசி விளக்கைப் புனலுக்குப் பின்னால் பிடியுங்கள். இரண்டும் நிறமற்றவை, கோடு மங்கல் என்றால் ஒரு சிறு பனிக்கட்டித் துணுக்கைப் போடுங்கள். ஈத்தரோ ஹெக்சேனோ மேலே இருந்தால், பனிக்கட்டி அதற்குள் மூழ்கி நீரின் மேல் மிதந்து, எல்லை எங்கே என்று காட்டிக்கொடுக்கும். எத்தில் அசிட்டேட்டின் அடர்த்தி பனிக்கட்டிக்கு மிக அருகில் இருப்பதால் அதில் இந்த வழி தெளிவாக வேலை செய்யாது.

பால்மம்: நடுவில் நிற்கும் வெள்ளை

புனலில் மேலே தெளிவு, கீழே தெளிவு, நடுவில் மட்டும் மோர் மாதிரி ஒரு பட்டை. அல்லது முழுவதுமே வெள்ளை. ஒரு திரவம் இன்னொன்றில் நுண்துளிகளாகச் சிதறி, பிரியாமல் நிற்பதுதான் பால்மம். அதிகம் பேர் நொந்துபோகும் இடம் இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்போம்.

இது எதனால் வருகிறது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்கத் தனியாக மாதிரி எதுவும் தேவையில்லை. மரம் சீவியதும் மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணம்) இறங்கும் ரப்பர் பாலும் இதே குடும்பம்தான். நுண்ணிய ரப்பர்த் துகள்கள் தண்ணீரில் தனித்தனியாக மிதக்கின்றன. ஒவ்வொரு துகளையும் புரதமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த ஒரு தோல் போர்த்தியிருக்கிறது. அந்தத் தோலில் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளுவதால் அவை சேர்வதில்லை. பால் ஸ்டோரில் அமோனியா சேர்ப்பது அது கெட்டியாகாமல் வைக்க. ஃபார்மிக் அமிலம் சேர்ப்பது அந்த மின்னூட்டத்தை அழித்துப் பாலை உறையவைக்க. மங்கிலேயே விட்டுவிட்டால் நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்கி அது கட்டிப்பாலாகிவிடும். வாளியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இது தெரிந்த விஷயம். புனலில் நிற்கும் வெள்ளையைக் கலைப்பதற்கும் அதே வழிகள்தாம்: துகளைப் பிரித்து வைத்திருப்பது எது என்று கண்டுபிடித்து, அதன் பிடியைத் தளர்த்த வேண்டும்.

எனவே எதையாவது சேர்ப்பதற்கு முன் கேள்வி இது: இந்தக் கலவையில் சோப்பு மாதிரி வேலை செய்வது எது?

தேயிலைச் சாற்றில் அது டானின். சோடியம் கார்பனேட் சேர்த்ததும் டானின் உப்பாகி நீரிலேயே தங்கிவிடும், அது நமக்கு நல்லதுதான். ஆனால் அதே உப்பு பால்மத்தையும் தாங்கிப் பிடிக்கும். இலை, வேர், பட்டைச் சாறுகளில் பெரும்பாலும் சபோனின். சீயக்காய் நுரைப்பதும் இதனால்தான். செம்பனை எண்ணெயில் கொழுப்பு அமிலம் காரத்தோடு சேர்ந்து நிஜச் சோப்பாகவே மாறிவிடும். சுத்திகரிக்காத செம்பனை எண்ணெயில் மில்லியனுக்கு 500 முதல் 700 பங்கு கரோட்டினாய்டு இருப்பதால், நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அதைப் பிரித்தெடுப்பது பிடித்தமான திட்டப்பணி. எண்ணெயைக் காரத்தால் சோப்பாக்கிவிட்டு ஹெக்சேனால் சாறு இறக்கும்போது பால்மம் வருமா என்று கேட்கவே வேண்டாம், வரும். இவை எதுவும் இல்லாத கலவையிலும் பால்மம் வந்தால் கண்ணாடிப் பொருளைச் சந்தேகியுங்கள். பாத்திரச் சோப்பு சரியாக அலசப்படாமல் இருந்திருக்கும்.

இனி கலைக்கும் வரிசை. எளிதானதிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுத்து, அடுத்ததற்குப் போகவேண்டும்.

முதலில் சும்மா விடுங்கள். அடைப்பானை எடுத்துவிட்டு, வளையத்தில் வைத்து, 15 நிமிடம் வேறு வேலை பாருங்கள். அதன்பின் புனலை நிமிர்ந்த நிலையிலேயே மெல்லச் சுழற்றுங்கள். நீளமான கண்ணாடிக் குச்சியால் வெள்ளைப் பட்டையை மட்டும் மெதுவாகக் கிளறுவதும் உதவும். உற்றுப் பார்த்தால், பட்டையின் கீழ் ஓரத்தில் குமிழிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகி, திடீரென்று உடைந்து தெளிவாவது தெரியும். அந்த உடைதல் தொடங்கிவிட்டால் எதையும் சேர்க்காதீர்கள், காத்திருந்தால் போதும்.

கலையவில்லை என்றால் உப்பு. 100 மில்லி தண்ணீரில் 36 கிராம் சோடியம் குளோரைடு கரைத்தால் தெவிட்டிய கரைசல். உப்பு துகளின் மின்னூட்டத்தை மறைக்கிறது, கரிமப் பொருளை நீரிலிருந்து வெளியே தள்ளுகிறது. இங்கே பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. எத்தில் அசிட்டேட்டுக்கும் வெறும் தண்ணீருக்கும் அடர்த்தி வித்தியாசம் 0.1 மட்டுமே. உப்பு சேர்ந்தால் அது 0.3 ஆகும், அடுக்குகள் வேகமாகப் பிரியும். டிசிஎம்மில் கதை தலைகீழ். வெறும் தண்ணீரோடு 0.33 இருந்த வித்தியாசம் தெவிட்டிய உப்பு நீரோடு 0.13 ஆகக் குறைந்துவிடும். எனவே மேலே மிதக்கும் கரைப்பான்களுக்கு உப்பைத் தாராளமாகச் சேர்க்கலாம். டிசிஎம்முக்கு அளவோடு, சில மில்லி மட்டும். அது உதவாவிட்டால் இன்னும் கொஞ்சம் டிசிஎம் சேர்த்து விகிதத்தை மாற்றுவதே மேல்.

மூன்றாவது, சில சொட்டு எத்தனால் அல்லது மெத்தனால். குமிழியின் தோலை அது தளர்த்தும். செம்பனைச் சோப்புக்கு இது நன்றாக வேலை செய்யும். சொட்டு என்றால் சொட்டுதான். தாராளமாக ஊற்றினால் உங்கள் பொருளும் நீரோடு போய்விடும்.

நான்காவது, அமிலத்தன்மையை மாற்றுவது. காரத்தில் உருவான சோப்பை அமிலம் உடைத்துவிடும். ஆனால் உடைந்த கொழுப்பு அமிலம் கரிம அடுக்குக்குள் வந்து சேரும். அது உங்கள் பொருளை மாசுபடுத்துமா, உங்கள் பொருள் அமிலத்தைத் தாங்குமா என்று பார்த்த பிறகே செய்யுங்கள்.

இவை எதுவும் நடக்கவில்லை என்றால், மிக நுண்ணிய திடத்துகள்கள்தான் பால்மத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். இலைச்சாறுகளில் இது அடிக்கடி நடக்கும். புக்னர் புனலில் (உறிஞ்சி வடிகட்டும் புனல்) ஒரு செண்டிமீட்டருக்கு சீலைட் (வடிகட்ட உதவும் நுண்பொடி) பரப்பி, மொத்தக் கலவையையும் மெதுவான உறிஞ்சலில் வடிகட்டுங்கள். வடிந்தது மறுபடி புனலுக்குள் வரும்போது பெரும்பாலும் இரண்டு சுத்தமான அடுக்காக நிற்கும். சீலைட்டைக் கொஞ்சம் கரைப்பானால் கழுவ மறக்காதீர்கள். சிறிய அளவு என்றால் மூடியுள்ள குழாய்களில் நிரப்பிச் சில நிமிடம் மையவிலக்குப் பொறியில் சுற்றலாம்.

சில கையேடுகள் ‘லேசாகச் சூடுபடுத்துங்கள்’ என்கின்றன. நம் அறையில் ஈத்தருக்கும் டிசிஎம்முக்கும் அந்த யோசனையே வேண்டாம்.

அடுத்த தடவை பால்மம் வராமலிருக்க, இலைச்சாறு, தேயிலை, எண்ணெய் ஆகியவற்றைக் குலுக்கவே குலுக்காதீர்கள். புனலைப் படுக்கவைத்து, இரண்டு திரவமும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் போகும்படி மெல்ல முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் சாய்த்துச் சாய்த்துப் பிடியுங்கள். நேரம் கூடும், பொருளும் முழுமையாக வரும்.

அடுக்கே உண்டாகவில்லை என்றால்

வினைக்கலவையில் எத்தனால், அசிட்டோன், டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்), அசிட்டோநைட்ரைல் போன்றவை இருந்தால் அவை நீரோடும் கலக்கும், கரைப்பானோடும் கலக்கும். இரண்டையும் ஒன்றாக்கிவிடும். ரோட்டரி எவாப்பரேட்டரில் அவற்றை முதலில் ஆவியாக்கிவிட்டுத் தொடங்குங்கள். நேரமில்லை என்றால் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரும் உப்பும் சேர்த்துப் பாருங்கள். டிஎம்எஃப் (டைமீத்தைல்ஃபார்மமைடு), டிஎம்எஸ்ஓ (டைமீத்தைல் சல்ஃபாக்சைடு) ஆகிய கரைப்பான்களின் கொதிநிலை மிக அதிகம், எளிதில் ஆவியாக்க முடியாது. அவற்றுக்குக் கரிம அடுக்கைத் தண்ணீராலோ 5 விழுக்காடு லித்தியம் குளோரைடு கரைசலாலோ பல தடவை கழுவுவதுதான் வழி.

எத்தில் அசிட்டேட்டைக் கொஞ்சமாக ஊற்றிவிட்டு அடுக்கைக் காணோமே என்று தேடுவதும் நடக்கும். 100 மில்லி தண்ணீர் தானாகவே ஏறக்குறைய 8 கிராம் எத்தில் அசிட்டேட்டைக் கரைத்து வைத்துக்கொள்ளும். இன்னும் ஊற்றினால் அடுக்கு வந்துவிடும்.

எல்லையில் திடப்பொருள் மிதந்தால் வடிகட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவே நீங்கள் தேடும் பொருளாக இருக்கலாம்.

பொருள் எங்கே போனது

கரைப்பானை ஆவியாக்கினால் குடுவையில் ஒன்றுமில்லை. பதற வேண்டாம், அடுக்குகளைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறீர்களே. ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு எடுத்து டிஎல்சி (மென்படல நிறப்பிரிகை) போட்டுப் பாருங்கள்.

நீர் அடுக்கில் தங்கியிருந்தால், முதல் சந்தேகம் பிஎச். பென்சாயிக் அமிலத்தின் பிகேஏ (அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண், குறைந்தால் வலிமை கூடும்) 4.2. அதைக் கரிம அடுக்குக்குக் கொண்டுவர நீரின் பிஎச் 2 அளவுக்கு இறங்க வேண்டும். அமீன் என்றால் எதிர்ப்பக்கம்: பிகேஏவைவிட 2 அலகாவது மேலே ஏற்ற வேண்டும். பீனாலின் பிகேஏ 10 என்பதால் பைகார்பனேட் அதைத் தொடாது, சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும். பென்சாயிக் அமிலத்தையும் பீனாலையும் தனித்தனியாகப் பிரிக்கும் பயிற்சி முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது. அமிலம் சேர்த்துவிட்டேன் என்பதோடு நிறுத்தாமல், நன்றாகக் கலக்கிய பிறகு நீர் அடுக்கில் கண்ணாடிக் குச்சியை நனைத்து பிஎச் தாளில் தொட்டுப் பாருங்கள். கலக்குவதற்கு முன் பார்த்த பிஎச் எதையும் சொல்லாது, கரிம அடுக்கிலிருந்த காரம் அதற்குப் பிறகுதான் வெளியே வரும்.

பிஎச் சரி, ஆனாலும் பொருள் குறைவு என்றால் தடவைகள் போதவில்லை. பங்கீட்டுக் கெழு 4, அதாவது பொருளின் செறிவு நீரில் இருப்பதைவிடக் கரைப்பானில் நான்கு மடங்கு, என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி நீர்க் கரைசலை 100 மில்லி கரைப்பானால் ஒரே தடவை இறக்கினால் 80 விழுக்காடு வரும். அதே 100 மில்லியை 50, 50 ஆகப் பிரித்து இரண்டு தடவை இறக்கினால் 89. 25 மில்லியாக நான்கு தடவை என்றால் 94. கரைப்பான் அதே அளவுதான், பொறுமை மட்டும்தான் கூடுதல்.

உலர்த்தும்போது

இந்தத் தகவலுக்காகவே இந்த வழிகாட்டியை எழுத நினைத்தேன். நீரற்ற சோடியம் சல்பேட் தண்ணீரைப் பிடித்துப் பத்து நீர் மூலக்கூறுள்ள படிகமாக மாறுகிறது. அந்தப் படிகம் 32.4 டிகிரிக்கு மேல் நிலைக்காது, பிடித்த தண்ணீரை விட்டுவிடும். குளிர்நாட்டில் இது ஒரு பொருட்டே அல்ல. நம் மதிய ஆய்வுக்கூடத்தில் இதுதான் ‘எவ்வளவு போட்டாலும் கலங்கலாகவே இருக்கு சார்’ என்பதன் விடை. குடுவையைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துச் சோடியம் சல்பேட்டைச் சேர்த்து, குளிராக இருக்கும்போதே வடிகட்டுங்கள். அல்லது மெக்னீசியம் சல்பேட்டுக்கு மாறுங்கள். அது வேகமானது, நம் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் சற்று அமிலத்தன்மை உள்ளது, அமிலம் தாங்காத பொருளுக்கு ஏற்றதல்ல.

இரண்டையும் இறுக மூடி வையுங்கள். நம் ஈரக்காற்றில் திறந்து கிடந்த டப்பாவில் இருப்பது நீரற்றது அல்ல. உலர்த்தியைச் சேர்க்கும் முன் கரிம அடுக்கைத் தெவிட்டிய உப்பு நீரால் ஒரு தடவை கழுவினால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். உலர்த்தி கட்டியாக ஒட்டாமல் சுதந்திரமாகச் சுழன்றால் போதுமானது சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

திருகு, கழிவு, கழுவுதல்

அடுக்கை இறக்கும்போது பாதியில் நின்றுவிட்டால் முதலில் மேலே பாருங்கள். அடைப்பான் இன்னும் புனலில்தான் இருக்கும், அதை எடுத்தால்தான் காற்று உள்ளே போய்த் திரவம் இறங்கும்.

கழிவில் ஹாலஜன் உள்ளதையும் இல்லாததையும் கலக்காதீர்கள். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் ஹாலஜன் இல்லாத கரிமக் கரைப்பான் எஸ்டபிள்யூ 322, ஹாலஜன் உள்ளது எஸ்டபிள்யூ 323. புட்டியின் மேல் அந்த எண் இருக்க வேண்டும். குளோரோஃபார்ம் இருந்த புட்டியில் அசிட்டோனும் காரமும் சேரவே கூடாது. அந்த மூன்றும் சேர்ந்தால் கடும் வெப்பத்தோடு வினைபுரிந்து வெடிக்கக்கூடும். காரத்தால் கழுவிய புனலை அசிட்டோனால் அலசி அந்த அலசலைக் குளோரோஃபார்ம் புட்டியில் ஊற்றும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

சோடியம் ஹைட்ராக்சைடு பட்ட புனலை அப்படியே வைத்துவிட்டுப் போனால் கண்ணாடித் திருகு மறுநாள் இறுகிப்போயிருக்கும். உடனே நிறையத் தண்ணீரால் கழுவி, திருகைக் கழற்றித் தனியாக உலர்த்துங்கள். திரும்ப வைக்கும்போது கண்ணாடித் திருகு என்றால் நடுத் துளையில் படாமல் மெல்லிய பூச்சாகக் கிரீஸ், டெஃப்லான் திருகு என்றால் கிரீஸே வேண்டாம். நீண்ட விடுமுறைக்கு முன் டெஃப்லான் திருகின் மரையைக் கொஞ்சம் தளர்த்தி, கண்ணாடி அடைப்பானுக்கும் வாய்க்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துவிடுங்கள்.